காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் தாழ்வாரத்தில், காகிதப்பூ என்னும் போகன்வில்லாத் தொட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் தம் செடியிலிருந்து வெட்டிக் கொடுத்த போத்து அது. என் அம்மா அதற்கு நாள்தோறும் இருவேளை தண்ணீர் ஊற்றினார். மாதம் தவறாமல் உரமும் இட்டார். செடி கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தளதளவென்று வளர்ந்ததே தவிர, இரண்டு ஆண்டுகளாக ஒரு பூகூடப் பூக்கவில்லை. அதே நாள்களில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மேம்பாலத்தின் இருபுறமும், நண்பகல் வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தொட்டிகளில், இதே செடி இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் தம் கைராசியை நொந்துகொண்டார். கைராசியில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கொடியின் பிறந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை நாங்கள் கேட்டறியாததுதான் குறை.

போகன்வில்லா தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் தோட்டங்களில் காணும் வகைகள் பெரும்பாலும் பிரேசில், பெரு முதலிய நாடுகளின் மூன்று சிற்றினங்களிலிருந்தும் அவற்றின் கலப்பிலிருந்தும் வந்தவை. 1767-இல் ரியோ டி ஜெனீரோவில் கப்பல் நின்றபோது இதைக் கண்ட பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமர்சோன், தம் பயணத்தின் தலைவரான போகன்வில்லின் பெயரை இதற்குச் சூட்டினார். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் உடன் சென்ற ழான் பாரேதான் உலகைக் கடல்வழியே சுற்றிவந்த முதல் பெண்ணாக இன்று அறியப்படுகிறார். செடிக்குத் தலைவரின் பெயர் கிடைத்தது; பாரேயின் பெயரோ நெடுங்காலம் யார் நினைவிலும் இல்லாமல் போனது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இந்தப் பேரினத்தின் பல சிற்றினங்கள் ஆண்டின் சில மாதங்கள் மழையே பெய்யாத நிலங்களில், வறண்ட பள்ளத்தாக்குகளிலும் திறந்த காடுகளின் ஓரங்களிலும் வளர்பவை. இது பாகற்கொடியைப் போலப் பற்றுக்கம்பி விடுவதில்லை. அவரையைப் போலக் கொழுகொம்பைச் சுற்றுவதும் இல்லை. தன் வளைந்த முட்களை மரக்கிளைகளில் மாட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து உச்சி வெயிலுக்கு ஏறுகிறது. பூ என்று நாம் பார்த்து மகிழும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவை ஒட்டி வரும் மாறிய இலை. அதன் நடுவே வெண்ணிறக் குழல்போல இருக்கும் சிறியதுதான் பூ. கனி முற்றியதும் செதில் உலர்ந்து, காற்றில் மிதந்து விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. தமிழில் காகிதப்பூ என்றும் மலாயில் ‘புங்கா கெர்த்தாஸ்’ என்றும், ஒரே பொருளில், இரு மொழிக்காரர்களும் பெயரிட்டது அந்த மெல்லிய செதிலைப் பார்த்துத்தான். மணம் இல்லாத போலிப் பூ என்று இதை இகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதுவும் நம் வீட்டு வாசலில் மாலையில் மலரும் அந்திமந்தாரையும் ஒரே குடும்பம். இதன் நிறம் பீட்ரூட்டைச் சிவக்க வைக்கும் பீட்டாலெயின் வகை நிறமிகளால் வருவது. போலி என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

இனி பூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பகல் குறைந்து இரவு நீளும் காலம் இந்தக் கொடியைப் பூக்கத் தூண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சிங்கப்பூரிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடுகூடக் கிடையாது. ஆகவே இங்கே அதற்குப் பருவத்தை உணர்த்துவது பெரும்பாலும் வறட்சிதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவில் வறட்சி எங்கிருந்து வரும்? பிப்ரவரியையொட்டி மழை ஓயும் சில வாரங்களில் வரும். மற்றபடி, வேர் பரவ இடமில்லாத, மழைநீர் உடனே வடிந்துவிடும், நாள் முழுதும் வெயில் காயும் மேம்பாலத் தொட்டியில் வரும். நாம் இரக்கப்பட வேண்டிய இடம் என்று நினைக்கும் அந்தச் சிமெண்டுத் தொட்டிதான் இந்தத் தீவிலேயே அதன் சொந்த நிலத்துக்கு மிக நெருங்கிய இடம். எங்கள் தொட்டியில் நடந்தது இதற்கு நேர்மாறானது: இடையறாத ஈரமும் தழைச்சத்தும் சேர்ந்து, இலைவிட்டுக்கொண்டே இரு என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அடித்தட்டை எடுத்துவிட்டு, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்றத் தொடங்கினோம். டெங்கிக் கொசுவுக்கு அஞ்சி எப்படியும் எடுத்திருக்க வேண்டிய தட்டுதான் அது. இந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு கிளைகள் பூத்தன. போத்து தந்த அம்மையார், தாம் தொடக்கத்திலேயே இதைச் சொன்னதாக நினைவுபடுத்தினார். உண்மைதான், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அயல்நாட்டுச் செடிகளை மேம்பாலங்களிலிருந்து அகற்றி, இந்த வட்டாரத்துக் கொடிகளை அங்கே நட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. 1967-இல் லீ குவான் இயூ முன்வைத்த தோட்ட நகரத் திட்டம் கான்கிரீட்டையும் பசுமையால் மூட விரும்பியது. அந்தக் கான்கிரீட்டின் மேல் பூத்துக் காட்டிய கொடி இது. மலாயத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் மழைக்காடுகளைச் சேர்ந்த மந்தாரைக் கொடியைப் பாருங்கள். மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூப்பது, பற்றுக்கம்பி விட்டு மரமேறுவது. ஈரமும் இலைமக்கும் நிறைந்த மண் அதன் தாய்மண். அதைக் கொண்டுபோய் ஓர் ஆழமற்ற தொட்டியில், அனல் வீசும் சாலைக்கு மேலே நடுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. காட்டின் ஓரங்களிலும், பூங்கா இணைப்புப் பாதைகளிலும், அடுக்குமாடிகளுக்கு இடையே ஆழமான மண் உள்ள பந்தல்களிலும் அதை நிறைய நடுங்கள்; அதற்காக எந்த மனுவிலும் முதல் கையெழுத்து இட நான் ஆயத்தமாக இருக்கிறேன். மேம்பாலத் தொட்டிகளைக் காகிதப்பூவுக்கே விட்டுவிடுங்கள்.