டர்பனில் வீட்டு இன்டர்நெட் வாங்கப் போகிறவர்களுக்கு, கொஞ்சம் நீளமாக

இந்தியாவிலிருந்து வேலைக்காக டர்பன் வந்து இறங்கும் நம்மவர்கள், மளிகைக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி "எந்த இன்டர்நெட் நல்லது?" என்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் உடனே ஆளுக்கொரு பெயர் வந்து விழும். ஒருவருக்குத் தங்கமாக ஓடுவது அடுத்த தெருவில் இருப்பவருக்குத் தலைவலியாக இருக்கும். இருவர் சொல்வதும் உண்மைதான். ஏன் அப்படி என்பதை யாரும் விளக்குவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நம் ஊரில் கேபிள்காரர் ஒருவர்தான். கம்பி இழுப்பதும் அவர், மாதக் காசு வாங்குவதும் அவர், அறுந்தால் ஏணியோடு வந்து நிற்பதும் அவர். தென்னாப்பிரிக்காவில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இன்டர்நெட், அப்படி இல்லை. தெருவில் தோண்டி லைன் போடுவது ஒரு கம்பெனி. அந்த லைன் மேல் கனெக்‌ஷன் விற்பது வேறு கம்பெனி. ஓப்பன்சர்வ், வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் எல்லாம் லைன்காரர்கள். ஆஃப்ரிஹோஸ்ட், கூல் ஐடியாஸ், வெப்ஆஃப்ரிக்கா, ஆக்சஸ், எம்வெப் போன்றவர்கள் அதே லைன்களை வாடகைக்கு எடுத்து நமக்கு விற்பவர்கள். ஓப்பன்சர்வ் டெல்காமின் துணை நிறுவனம், ஆனால் அதன் லைனை டெல்காமின் போட்டியாளர்களும் விற்கிறார்கள். வேகமும் விலையும் பெரும்பாலும் லைன்காரர் மொத்த விலைக்கு விடும்போதே முடிவாகிவிடுகின்றன. அதனால் ஒரே லைனில் ஒரே வேகத்துக்குக் கனெக்‌ஷன்காரர்களுக்குள் பெரும்பாலும் பெரிய விலை வித்தியாசம் இருக்காது.

உங்கள் தெருவில் யார் லைன் போட்டிருக்கிறார்களோ, அதுதான் உங்கள் லைன். சில தெருக்களில் இரண்டு லைன் இருக்கும், பல தெருக்களில் ஒன்றுதான், இன்னும் பல தெருக்களில் ஒன்றுமே இல்லை. ஆக, நம் கையில் இருப்பது கனெக்‌ஷன்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும்தான். அந்த ஒரே உரிமையையும் ஐம்பது ராண்டுக்கு விற்றுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எல்லாம் நன்றாக ஓடும் நாளில் எல்லாக் கனெக்‌ஷனும் ஒன்றுதான். அறுந்த நாளில்தான் வித்தியாசம் தெரியும். டர்பனில் லைன் அறுவதற்குக் காரணமா இல்லை? தண்ணீர்க் குழாய் வெடித்து நகராட்சி தோண்டும்போது ஃபைபரும் சேர்ந்து போகும். செம்புக் கம்பி என்று நினைத்துத் திருட வெட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி இழை என்று தெரிந்ததும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலையே அடித்துக்கொண்டு போன இடங்களில் லைன் எப்படி நிற்கும்?

அப்படி அறுந்தால் லைன்காரரை நாம் நேரடியாகக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் "உங்கள் கனெக்‌ஷன்காரரிடம் சொல்லுங்கள்" என்பார்கள். நமக்காக அவர்களிடம் புகார் பதிந்து, விடாமல் துரத்த வேண்டியது கனெக்‌ஷன்காரரின் வேலை. நாம் மாதாமாதம் கொடுக்கும் காசில் இதற்குத்தான் மதிப்பே. முன்பு எங்கள் வீட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, பெயர் வேண்டாம், இதைச் செய்யவில்லை. போன் போட்டால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். மறுபடி போட்டால் வேறொருவர் எடுத்து அதையே சொல்வார். புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும், லைன் வராமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு குறுஞ்செய்தியும் வரும். சனிக்கிழமை காலை ஆன்லைனில் தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? வேறு கனெக்‌ஷன்காரருக்கு மாறினேன். லைன் அதே லைன், சுவரில் பெட்டியும் அதே பெட்டி. அதன் பிறகும் லைன் அறுந்திருக்கிறது. ஆனால் எடுத்துப் பேசியவர் முதலில் கேட்ட கேள்வியே "பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது?" என்பதுதான்.

அந்த விளக்கைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் ஃபைபர் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ரௌட்டர் வேறு, இது வேறு. பெரும்பாலான பெட்டிகளில் பான் (PON) என்று ஒரு விளக்கும் லாஸ் (LOS) என்று ஒரு விளக்கும் இருக்கும். லாஸ் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபர் வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். வெளியே எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பெட்டிக்குப் பின்னால் உள்ள மெல்லிய வயர் மடங்கியிருக்கிறது. ரௌட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. பான் பச்சையாக நிலைத்து எரிந்தும் நெட் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கனெக்‌ஷன்காரர் பக்கமோ நம் ரௌட்டரிலோ இருக்கும். விளக்கைப் படம் எடுத்து புகாரோடு அனுப்புங்கள். அதன் பிறகும் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்கிறவரிடம் அடுத்த மாதம் இருக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர்களுடைய உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். விற்பனை எண்ணுக்கு வேண்டாம், அதை முதல் மணியிலேயே எடுப்பார்கள். உதவி எண்ணை மனிதர் யாராவது எடுக்கிறாரா, எடுப்பவருக்கு ஓஎன்டி என்றால் என்னவென்று தெரிகிறதா என்று பாருங்கள். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இது இருக்காது.

அப்புறம் ஒப்பந்தம். இங்கே பல ஃபைபர் திட்டங்கள் மாதாமாதம்தான், விலகலாம். ஆனால் "இலவச இன்ஸ்டாலேஷன், இலவச ரௌட்டர்" என்று போட்டிருந்தால் அதன் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் விலகினால் அந்தச் செலவைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று இருக்கும், ஆயிரம் இரண்டாயிரம் ராண்ட் வரை போகும். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இரண்டு வருட விசாவில் வந்தவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கம்பெனி மாறும்போது பழையவரிடம் ஒரு முழு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும். பழையவர் லைனை விடுவித்த பிறகுதான் புதியவர் எடுக்க முடியும். இடையில் ஓரிரு நாள் நெட் இல்லாமல் போகலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் வாரத்தில் மாறாதீர்கள்.

வேகம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நொடிக்கு ஐம்பது மெகாபிட் (எம்பிபிஎஸ்) தாராளம். அதற்கு மேல் காசைக் கொட்டுவதற்கு முன் ரௌட்டரை நகர்த்திப் பாருங்கள். பழைய வீடுகளின் கனத்த சுவர்களையும், பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகளையும் தாண்டி வைஃபை போவது கஷ்டம். லேப்டாப்பை வயரில் செருகி வேகத்தைச் சோதியுங்கள். வயரில் முழு வேகம் வந்தால் கம்பெனி மேல் குற்றம் இல்லை.

ஆனால் அப்லோடு வேகத்தை, அதாவது நம் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்தை மட்டும் கவனியுங்கள். ஐம்பதுக்கு ஐம்பது தரும் திட்டமும் உண்டு, ஐம்பதுக்கு இருபத்தைந்து தரும் திட்டமும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும், கோயில் நிகழ்ச்சியை நேரலையில் விடுபவர்களுக்கும் இரண்டாவது எண்தான் முக்கியம்.

சென்னைக்கும் மதுரைக்கும் தினமும் வீடியோ கால் போடுகிற நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு, இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இங்கிருந்து இந்தியாவுக்கு நேராகக் கடலடிப் பாதை இருக்கிறது. டர்பனுக்கு வடக்கே மட்டுன்சினியில் கரையேறும் சேஃப் கேபிள் ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கே போகிறது. அதே மட்டுன்சினியிலிருந்து சீகாம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ஏறுகிறது, அதற்கு மும்பைக்கு ஒரு கிளை உண்டு. அப்படி இருந்தும் சில கம்பெனிகளின் போக்குவரத்து லண்டன் வரை போய்ச் சுற்றிக்கொண்டு சென்னை சேர்கிறது. நாம் பேசுவது அம்மாவுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவதற்கு இது ஒரு காரணம். கம்ப்யூட்டர் தெரிந்த யாரையாவது டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் செங்கடலில் சீகாம் உட்படச் சில கேபிள்கள் அறுந்தன. மார்ச் 14 அன்று மேற்கே ஐவரி கோஸ்ட் கடலில் வாக்ஸ், சாட்-3 உட்பட நாலு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. கிழக்கும் போச்சு, மேற்கும் போச்சு. மீதமிருந்த கேபிள்களில் முன்கூட்டியே இடம் வாங்கி வைத்திருந்தவர்களின் வாடிக்கையாளர்கள் சமாளித்தார்கள், ஒன்றிரண்டை மட்டும் நம்பியிருந்தவர்களின் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். புதிதாக வாங்குபவர்கள் "அந்த மார்ச்சில் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விளம்பரத்தைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

ஃபைபர் இல்லாத தெருவில் இருப்பவர்களுக்கு ரெயின், டெல்காம், வோடாகாம், எம்டிஎன் ஆகியோரின், செல்போன் டவரிலிருந்து சிக்னல் எடுக்கும் 5ஜி, எல்டிஇ ரௌட்டர்கள் இருக்கின்றன. தோண்ட வேண்டாம், வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். ஆனால் டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு இருந்தால் போச்சு, டர்பனில் மேடு இல்லாத இடம் எது? லோட் ஷெட்டிங் (முறைவைத்து நாடு முழுக்கச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023இல் டவர் பேட்டரி தீர்ந்து படுத்துக்கொண்ட கதையை நிறையப் பேர் அனுபவித்திருக்கிறார்கள். இப்போது லோட் ஷெட்டிங் அடங்கியிருந்தாலும் உள்ளூர் மின்தடை போகவில்லை, ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் பற்றிக் கேட்பவர்களுக்கு: பக்கத்து மொசாம்பிக்கிலும் போட்ஸ்வானாவிலும் இருக்கிறது, இங்கே இதை எழுதும்போது உரிமம் இல்லை. வேறு நாட்டுப் பெயரில் பதிந்து விற்கும் பெட்டியை வாங்காதீர்கள், சட்டப்படி செல்லாது.

கடைசியாக, எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், முட்டி வலியால் வெளியே போக முடியாது. தைப்பூசக் காவடியைப் பேத்தியின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வேல் குத்திய பையன் ஒருவன் தேருக்கு முன்னால் ஆடி வரும்போது படம் நின்று, அந்தச் சுற்றும் வளையம் வந்துவிட்டது. டேட்டா தீர்ந்துவிட்டது. பேத்தி ஏர்டைம் (ரீசார்ஜ்) வாங்கக் கடைக்கு ஓடினாள். அவள் வருவதற்குள் தேர் கோயிலுக்குள் போய்விட்டது. ஆன்ட்டி திரையைக் கையால் துடைத்துவிட்டு "பரவாயில்லை, சித்ரா பௌர்ணமிக்குப் பார்க்கலாம்" என்றார்.

கணக்கைப் பாருங்கள். வணிகத்தில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையம் டேட்டா விலை பற்றி விசாரணை நடத்தி 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த பிறகுதான் வோடாகாம் 2020 ஏப்ரலில் 1 ஜிபி மாத பண்டிலை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அந்த விலையிலும் நாலு மணி நேரக் காவடியைச் சுமாரான தரத்தில் பார்க்க ஏறக்குறைய இருநூறு ராண்ட் ஆகும். முதியோர் உதவித்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஃபைபர் வீட்டில் நாள் முழுக்க ஓடும் டிவிக்குத் தனிக் காசு கிடையாது. இல்லாதவர்கள்தான் ஒவ்வொரு ஜிபிக்கும் அதிகம் கொடுக்கிறார்கள், இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது. லைன் முதலில் வசதியான புறநகர்களுக்குப் போனது. நிறவெறி ஆட்சியில் இனவாரியாகப் பிரித்து இந்தியர்களுக்கென்று கட்டிய நம் சாட்ஸ்வொர்த்தும் பீனிக்ஸும், கறுப்பின மக்களின் உம்லாஸியும் இனாண்டாவும் பிறகுதான்.

வூமாடெலின் தாய் நிறுவனமான மசீவில் வோடாகாம் பங்கு வாங்குவதை 2024இல் போட்டித் தீர்ப்பாயம் தடுத்தது, 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. வருமானம் குறைந்த பகுதிகளுக்கு லைன் கொண்டுபோக வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளில் சேர்த்தி. அது காகிதத்தோடு நிற்காமல் இருக்க நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்டில் 2014இல் வூமாடெல் முதன்முதலில் தோண்டியதே, அந்தப் பகுதிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எங்களுக்கு லைன் போடுங்கள் என்று கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கேட்டதால்தான். அவர்கள் வசதியானவர்கள், கேட்டதும் வந்தார்கள் என்பது உண்மை. நம் தெருக்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன, குறைந்த நீள ஃபைபரில் நிறைய வீடுகளைச் சேர்த்துவிடலாம். லைன்காரர்களின் இணையதளத்தில் முகவரி போட்டு ஆர்வம் தெரிவிக்கும் இடம் இருக்கும். தெருவோடு சேர்ந்து பதியுங்கள், கோயில் கமிட்டிகள் இதை எடுத்துச் செய்தால் ஒரே வாரத்தில் முடியும் வேலை.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் இருப்பவர்கள் உங்கள் தெருவில் யார் லைன் இருக்கிறது, அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். லைன் இல்லாத தெருக்களின் பெயர்களையும் எழுதுங்கள், சேர்த்து அனுப்பும் பொறுப்பு என்னுடையது.