சீசன் ஐந்து மாதம், லைசன்ஸ் பன்னிரண்டு மாதம்

எங்கள் ஒழுங்கை முனைக்கு வரப்போகிற மதுபான லைசன்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குடியோடு தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு ஒரு பியர் குடிப்பார். கூடக் கடிக்கக் கணவாய் பொரித்துக் கொடுப்பதே நான்தான். மேல்மாடியில் இரண்டு அறையைச் சீசனில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கும் விடுகிறோம். ஆகவே "கலாசாரம் காக்க வந்திட்டா" என்று யாரும் தொடங்க வேண்டாம்.

திருகோணமலை உப்புவெளியில் நிலாவெளி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. எதிரே ஓட்டோ வந்தால் சைக்கிளில் போகிறவர் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதன் கடல் முனையில் ஒரு வருடமாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ரெஸ்டோரண்ட் வருகிறது என்றார்கள். சந்தோஷப்பட்டோம். எங்கள் ஒழுங்கையில் மூன்று பொடியன்களுக்கு அங்கே வேலை தருவதாகவும் பேச்சு.

மதுபான லைசன்ஸ் விஷயம் எங்களுக்கு எந்தக் கடிதத்திலும் வரவில்லை. வெல்டிங் வேலைக்குப் போன தம்பி ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னான்: "அக்கா, கவுண்டருக்கு மேலிருந்து கீழ்வரைக்கும் கம்பி அடிக்கச் சொல்லுறாங்க. நடுவில கை போற அளவுக்கு ஒரு ஓட்டை."

சோறு விற்கிற இடத்துக்கு எதற்கு அந்தக் கம்பி? வைன் ஸ்டோர் வாசலில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அந்த ஓட்டை எதற்கென்று தெரியும்.

அடுத்த நாள் நானும் பக்கத்து வீட்டு மாமியும் போய் முதலாளியைக் கண்டோம். நல்ல மரியாதையான ஆள், பிளேன்டீயும் தந்தார். "அக்கா, இது பார் இல்ல, ரெஸ்டோரண்ட். டூரிஸ்ட் கேட்பாங்கதானே, இல்லாட்டி யார் வருவாங்க?" என்றார். கம்பியைக் கேட்டேன். காசுப் பாதுகாப்புக்கு என்றார். மாமி எழும்பிப்போய்க் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தா. ஒரே ஒரு அடுப்பு. அதற்குப் பின்னால் போத்தல் குளிரவிடுகிற கண்ணாடிப் பெட்டி வரிசையாக நான்கு. வரும் வழியில் மாமி சொன்னது: "பிள்ளை, இந்தக் குசினியில என்ர வீட்டுத் திவசத்துக்கே சமைக்க ஏலாது."

டூரிஸ்ட் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் அதையே எடுக்கிறேன். எங்கள் பக்கம் சீசன் என்பது மே தொடங்கிச் செப்டம்பர் வரை. கொஞ்சம் இழுத்தால் சித்திரையையும் ஐப்பசியையும் சேர்க்கலாம். அதற்குப் பிறகு வாடைக்காற்று, மழை. கடல் கொந்தளிக்கும். என் மேல்மாடி அறைகளில் தும்புக்கட்டையைத் தவிர வேறொன்றும் தங்காது. ஆனால் மதுபான லைசன்ஸ் டிசம்பர் 31 வரைக்கும் எடுத்து வருடாவருடம் புதுப்பிக்கிற சாமான். சீசன் முடிந்ததென்று யாரும் அதை மடித்து வைக்கப்போவதில்லை. மாரியில் அங்கே யார் குடிக்கப்போகிறார்கள்?

எங்கள் ஆட்கள்தான். அந்த மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும், உழைப்பு இராது, ஆம்பிளைகள் வீட்டில் சும்மா இருப்பார்கள். காப்பு அடகுக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கவுண்டர் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. டூரிஸ்டுக்காக என்று எடுக்கிற லைசன்ஸில் வருடத்தில் பாதிக்கு மேல் நாங்கள்தான் வாடிக்கையாளர்.

சீசனிலும் சும்மா போகாது என்பது வேறு கதை. போன ஆடியில், கொஞ்சம் தள்ளியுள்ள ஓரிடத்தில் இரவு பார்ட்டி. விடிய ஐந்து மணிக்குக் கரைவலை இழுக்க இறங்கிய ஒரு அண்ணனின் பாதத்தில் உடைந்த போத்தலின் அடிப்பாகம் ஏறியது. கபில நிறத்தில், வட்டமாக, ஒரு பக்கம் பல்லுப் பல்லாக. மண்ணில் நிமிர்ந்து நின்றிருக்கிறது. வலை இழுக்கிறவர் பின்பக்கமாக நடப்பார், கீழே பார்க்க மாட்டார். பன்னிரண்டு நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு நாள் கூலியை எந்த பில்லில் சேர்ப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. போயா என்கிற பௌர்ணமி நாளில் பூட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் இவ்வளவு தூரம் என்று கணக்கும் உண்டு. ஆனால் எங்கள் ஒழுங்கையின் நடுவில் ஒரு டியூசன் வகுப்பு இருக்கிறது. பின்னேரம் ஆறரைக்கு விடும், பெண்பிள்ளைகள் சைக்கிளில் திரும்புவார்கள். டியூசன் பள்ளிக்கூடக் கணக்கில் வராதாம். வேப்பமரத்தடி வைரவரும் கோவில் கணக்கில் வராது போலிருக்கிறது. நாடாவைப் பிடித்து அளப்பவர்களுக்கு மதில் தெரியும், மாலை ஆறரை மணி தெரியாது.

அலுவலகம் ஏறிய கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஓரிடத்தில் மற்ற இடத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே ஃபைல் மேலே போய்விட்டது என்றார்கள். "உங்களுக்கு ஆட்சேபனை இருந்தா முதலே தந்திருக்கலாமே" என்றார் ஓர் உத்தியோகத்தர். ஐயா, முதலே யார் எங்களுக்குச் சொன்னது? வெல்டிங் தம்பிதானே சொன்னான்!

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் இதுதான். மதுவரிக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் 1912இல் போட்டது. அந்த வெள்ளைக்காரன் காலத்திலேயே, ஊரவர் வாக்குப் போட்டுத் தங்கள் பகுதித் தவறணையை, அதாவது கள்ளுக்கடையை, மூடச் செய்கிற ஒழுங்கு இருந்தது. யாழ்ப்பாணப் பக்கம் பல தவறணைகள் அப்படி மூடப்பட்டிருக்கின்றன. இன்றைக்கு? 2024இல் கொடுபட்ட லைசன்ஸ்களின் பட்டியல் அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியானது. 300க்கு மேல். எங்களைப் போல எத்தனை ஒழுங்கைகள் அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் அறிந்தனவோ.

பெண்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. 2018 ஜனவரியில், பெண்களும் மதுபானம் வாங்கலாம் என்று நிதியமைச்சு தடையை நீக்கியது. சில நாளிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். வாங்குகிற உரிமை வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்குக் கதவு திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாடு போட்டுக் கொடுக்கிறவளிடம் பக்கத்தில் பார் வரலாமா என்று ஒரு சொல் கேட்டால் என்ன?

"பார் இல்லாட்டிக் கசிப்புத்தான் வரும்" என்று ஒருவர் சொன்னார். கள்ளச்சாராயத்தைத்தான் கசிப்பு என்கிறோம். நியாயமான பேச்சு, தட்டிவிட முடியாது. கசிப்பால் போன உயிர்களை நாங்களும் கண்டிருக்கிறோம். ஆனால் பட்டினத்தில் சட்டப்படி விற்கிற இடங்கள் இல்லாமல் ஒன்றும் இல்லை, வேண்டியவர் ஓட்டோ பிடித்துப் போகலாம். அந்த ஓட்டோக் காசை நினைத்தே எத்தனை பேர் ஒரு நாளைத் தள்ளிப்போடுகிறார்கள் தெரியுமா? எங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கிறது.

இடத்தைப் பூட்டு என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரவர் கையெழுத்து வைத்துக் கொடுக்கப்போகிற மகஜரில் எழுதியிருப்பது இதுதான்: மேசையில் சாப்பாட்டோடு மட்டும் கொடுக்கட்டும், கம்பிக் கவுண்டர் வேண்டாம், கையில் போத்தல் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். பத்து மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும். காலையில் கரையைக் கூட்ட ஆள் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க முன் ஒழுங்கைக்கு ஒரு அறிவித்தல் ஒட்ட வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். அந்த மூன்று பொடியன்களின் வேலையில் யாரும் கை வைக்கவில்லை.

இதுவரை 41 கையெழுத்து. முதல் கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ஒழுங்கையிலேயே அதிகம் குடிக்கிற அண்ணனுடையது. "கிட்ட வந்தா நான் செத்துப்போவன் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு போட்டார். வேலைக்குப் போகவிருக்கிற பொடியன் ஒருவனின் தாய் போடவில்லை. அவவில் எனக்குக் கோபம் இல்லை, அவவின் இடத்தில் நானும் யோசிப்பேன்.

திங்கட்கிழமை காலை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். வேனில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. ஞாயிறு இரவு வரை தாள் டியூசன் வீட்டு விறாந்தை மேசையில்தான் கிடக்கும். பேனை எழுதுதில்லை, வாறவர்கள் ஒன்று கொண்டு வாருங்கள்.