கரண்ட் பைப்பில் நெட்வொர்க் கேபிள் வேண்டாம்

கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்று உங்கள் பதிவில் சொல்லியிருப்பது தவறு, நண்பரே. சிக்னல் கெடுவதுகூட அப்புறம்தான். உள்ளே எங்காவது ஒயரின் உறை உருகினாலோ எலி கடித்தாலோ 230 வோல்ட் ரௌட்டர் வரைக்கும், அதைத் தொடும் கை வரைக்கும் வரலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தொலைபேசிக்கென்று தனி பைப் இருக்கும். அதற்குள் உபயோகமில்லாமல் கிடக்கும் பழைய தொலைபேசி ஒயரின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுங்கள்.

1 ஜிகாபிட் வேகத்துக்கு கேட் 7 (Cat 7, நெட்வொர்க் கேபிளில் ஒரு உயர் ரகம்) தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் சரியில்லை. அதைவிடச் சாதாரண ரகமான கேட் 5இ (Cat 5e) கேபிளே அந்த வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கும்போது கேபிளுக்குள் இருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.