கல்லுக்கு அடியில் இடம்

"ஒரு பல்லிக்காக அமெரிக்காக்காரன் இவ்வளவு காசு செலவழிக்கிறானா?" அமெரிக்காவில் ஒரு பிராணியை வளர்த்து ஆற்றில் விடுவதைப் பற்றிக் குடும்பக் குழுவில் நான் போட்ட வீடியோவுக்கு மச்சான் தந்த பதில் இது.

மச்சான், முதலில் அது பல்லி இல்லை. ஹெல்பெண்டர் என்ற சலமந்தர். தவளையைப் போல ஈரூடகவாழி. இரண்டடி வரை வளரும். தலையைத் தோசைக்கரண்டியால் அமத்திவிட்ட மாதிரி இருக்கும். அழகு என்று நானும் சொல்லமாட்டேன்.

அதில் ஓசார்க் என்ற வகையை 2011இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். அதே வருடம் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அது முதன்முறையாகக் குஞ்சு பொரித்தது. குஞ்சைச் சின்னனிலேயே ஆற்றில் விட்டால் மீன் தின்றுவிடும். அதனால் சில வருடம் வளர்த்து, ஓரளவு பெரிதான பிறகு மிசூரி மாநிலத்து ஆறுகளில் விடுகிறார்கள்.

எத்தனை விட்டார்கள் என்ற கணக்கு எனக்குப் பெரிதில்லை. நம்மூர்க் குளங்களிலும் மேளதாளத்தோடு மீன்குஞ்சு விட்டுப் படம் எடுக்கிறோம்தானே. (அது சாப்பாட்டுக்கு, நல்லதுதான். திலாப்பியாப் பொரியலை நான் எப்போது வேண்டாம் என்றேன்?) ஹெல்பெண்டரில் தட்டைக் கல்லுக்கு அடியில் முட்டைகளைக் காவல் காப்பது ஆண். மனிதர் வளர்த்து விட்ட ஓர் ஓசார்க் ஹெல்பெண்டர் ஆற்றிலேயே இனம்பெருக்கியது 2023இல்தான் தெரியவந்தது. எனக்குக் கணக்கு அந்த ஒன்றுதான்.

காசு வீண் என்று நீ சொல்ல வேண்டிய இடம் வேறு. இந்தப் பிராணி பெரும்பாலும் தோலால்தான் மூச்சு விடும். அதற்குக் குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த தண்ணீர் வேண்டும். கரையில் மரத்தை வெட்டினால் மழைக்கு மண் கரைந்து வந்து கல்லிடுக்குகளை அடைத்துவிடும். குஞ்சு ஒளிய இடமில்லை, முட்டையிட இடமில்லை. அப்படிப்பட்ட ஆற்றில் ஆயிரம் விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

வெருகல் திருவிழாவுக்குப் போனால் அங்கே ஓடும் மகாவலியின் கிளையாற்றில் இறங்காமல் நாம் வந்ததில்லை. சின்னவயதில் காலுக்குக் கீழே மணல் நெறுநெறுவென்று இருக்கும். போனமுறை இறங்கினேன், மூன்றாவது அடியில் கழுத்தளவு குழி. மணல் அள்ளின இடம். அதே பாதையால் டிப்பர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நம் மகாவலியில் சலமந்தர் கிடையாது, இலங்கையிலேயே கிடையாது. ஆனால் அந்த மணலில் முட்டையிட்ட மீனும் ஆமையும் இருந்திருக்கும். எத்தனை என்று யார் எண்ணினோம்? நாளைக்கு அவற்றைத் தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்தாலும் எந்த மணலில் விடுவது, மச்சான்?