சிறைக்குள் கூடிய நகரசபை

உள்ளாட்சி என்றாலே குப்பையும் சாக்கடையும் தெருவிளக்கும்தான் என்று நினைப்பவர்கள் பாப்லரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு லண்டனில் 1900இல் உருவான நகராட்சிப் பகுதி அது. 1965இல் ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் இரண்டோடும் சேர்த்து டவர் ஹாம்லெட்ஸ் ஆக்கிவிட்டார்கள்.

கப்பல்துறைக் கூலிகளின் ஊர். முதல் உலகப் போர் முடிந்ததும் வேலை போனது. வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் சுமையை அன்றைய சட்டம் அந்தந்தப் பகுதியின் தலையிலேயே கட்டியிருந்தது. ஏழைகள் நிறைந்த ஊரில் செலவு அதிகம். வீடுகளின் மதிப்பு குறைவு என்பதால் வரி வசூலோ சொற்பம். லண்டனின் பணக்காரப் பகுதியான வெஸ்ட்மின்ஸ்டரில் நிலைமை நேர்மாறு. இது போதாதென்று, லண்டன் மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் வேறு பாப்லர் பங்கு கட்ட வேண்டும்.

1919 தேர்தலில் தொழிற்கட்சி அங்கே பெரும் வெற்றி பெற்றது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். 1921இல் சபை முடிவெடுத்தது: மேலே கட்ட வேண்டிய அந்தப் பங்கை மக்களிடம் வசூலிக்கவே போவதில்லை. வழக்கு வந்தது. ஜூலை 29 அன்று உறுப்பினர்கள் ஊர்வலமாகவே உயர் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். நீதிமன்றம் கட்டச் சொல்லியும் மறுத்ததால் செப்டம்பரில் முப்பது பேர் உள்ளே போனார்கள்; ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், பெண்கள் ஹாலோவேயில். அவர்களில் ஒருவரான நெல்லி கிரெசல் அப்போது கர்ப்பிணி. சிறைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடத்தினார்கள், அதற்காகப் பெண் உறுப்பினர்களை ஹாலோவேயிலிருந்து அழைத்துவந்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய ஜனநாயகக் காட்சி தெரியாது.

'சட்டத்தை மீறலாமா?' என்று அன்றும் கேட்டார்கள். சொந்தக் கட்சியின் ஹெர்பர்ட் மாரிசனுக்கே இது பிடிக்கவில்லை. ஆனால் இல்லாதவனிடம் கூடுதலாகப் பிடுங்கச் சொல்லும் சட்டத்துக்கு அடங்கிப்போயிருந்தால் அது மாறியிருக்காது என்பதே என் கருத்து. அக்டோபரில் அவர்கள் விடுதலையானார்கள். ஏழைகளுக்கான செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் அதே ஆண்டு வந்தது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். சிறை சென்றவர்களில் ஒருவரான மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், 1922 ஜனவரி 1 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 32.

சபை தன் ஊழியர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வாரத்துக்குக் குறைந்தது 4 பவுண்டு கூலி கொடுத்தது. 1925இல் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதைச் சட்டவிரோதம் என்றார்கள். பெண்ணுக்கும் அதே கூலி கொடுத்ததை அந்தத் தீர்ப்பு பெண்ணிய ஆசை என்று இகழ்ந்தது. கூலி கொடுத்தவர்களையே குற்றவாளியாக்கிய அந்தத் தீர்ப்பை இன்றைக்குப் படித்தாலும் கோபம் வருகிறது.