பதினோரு பந்திலும் இரண்டு பவுண்டு குறைந்ததா?

2015 ஜனவரி 18 அன்று கோல்ட்ஸ் அணியுடன் நடந்த அமெரிக்கக் கால்பந்து (NFL) ஆட்டத்தில், பேட்ரியட்ஸ் அணி பயன்படுத்திய 12 பந்துகளில் 11-இல் காற்றழுத்தம் இரண்டு பவுண்டு குறைந்திருந்ததாம். இன்னமும் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

விதிப்படி சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருக்கவேண்டும். இடைவேளையில் 11 பந்துகளை இரண்டு கருவிகளால் அளந்தார்கள். அந்த 22 அளவுகளில் ஒன்றே ஒன்றுதான் 10.5, அதாவது இரண்டு பவுண்டு குறைவு; அதே பந்து மற்ற கருவியில் 10.9. மற்றவை 10.7 முதல் 12.3 வரை. குளிரிலேயே அழுத்தம் கொஞ்சம் இறங்கும்.

அதற்காக பேட்ரியட்ஸ் அணி சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. எல்லாமே 12.5-க்குக் கீழேதான். பந்துகளில் காற்றை இறக்கிய விஷயம் அணியின் நட்சத்திர வீரர் டாம் பிரேடிக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது NFL நடத்திய விசாரணையின் வெல்ஸ் அறிக்கை. நான்கு ஆட்டத் தடையை 2016-இல் அனுபவித்தார்.

காற்று குறைந்த பந்தைப் பிடிப்பது எளிது; அதனால்தான் ஜெயித்தார்களா? இடைவேளையில் பேட்ரியட்ஸ் 17-7 என முன்னிலை. பந்துகளில் சரியாகக் காற்றடித்த பிறகு இன்னும் 28 புள்ளிகள் எடுத்தார்கள்!