ஒலுவில் கட்டடங்கள் நன்கொடை அல்ல

"ஒலுவில் வளாகத்தைக் குவைத் இலவசமாகக் கட்டித் தந்தது; அப்படி யாராவது வந்தால் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விடுதிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். மகாபொல மாணவர் உதவித்தொகையும் நன்கொடைதானே?" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் குவைத் நிதியம் கொடுத்தது சலுகைக் கடன். அதைத் திருப்பிக் கட்டுவது அரசு, அதாவது வரி கட்டும் நாம். இதை நன்கொடை என்றால் நம் பங்கு கணக்கிலேயே வராது. மகாபொல 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம். லொத்தர் வருமானமும் அதற்குப் போகிறது.

தனிமனிதர் கொடுக்கும் நன்கொடையால் விடுதி எழும்புவது அரிது. அறக்கொடையாகக் கொடுத்தால் முதலை வைப்பில் இட்டு, வட்டியை மட்டும் செலவிடுவார்கள். 10 இலட்சம் ரூபாய்க்கு 8 வீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 80,000. அந்தக் காசில் விடுதிக்கு ஒரு சுவர்கூட முடியாது. ஆனால் விடுதியில் இருக்கும் ஒரு மாணவிக்கு மாதம் ஆறாயிரத்துக்கு மேல் சாப்பாட்டுச் செலவுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் விவாத அணியின் கொழும்புப் பயணத்துக்கோ, கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவரின் அரங்கேற்றத்துக்கோ உதவும். பட்டமளிப்பில் பெயர் சொல்லி வழங்கும் தங்கப் பதக்கங்கள் பலவும் இந்த வழியில் வந்தவையே.

கொடுக்க விரும்புகிறவர்கள் எதற்கென்று எழுத்தில் குறிப்பிட்டு பல்கலைக்கழக நிதியாளர் ஊடாகக் கொடுங்கள். மாணவர் கையில் காசாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டுக் கேட்காதீர்கள்.